தீவுக் கடலோர ஊர்கள்ல வீட்டு சர்வே எடுக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

பாம்பன்லருந்து ஏர்வாடி வரைக்கும் கடலோர ஊர்கள்ல கேள்வித்தாளோட ப்ராஜெக்ட் பசங்க வர்றாங்க, நல்ல எண்ணத்துலதான் வர்றாங்க, ஆனா அவங்க செய்யுற சில தப்பால மாட்டுறது பதில் சொன்ன வீடுதான்.

இருக்கறதுலயே பெரிய தப்பு, பேரு, போன் நம்பர், வீட்டோட ஜிபிஎஸ் எல்லாம் எழுதிட்டு அதே தாள்ல "தீவுக்குப் போவீங்களா, கடல் அட்டை எடுப்பீங்களா"ன்னு கேக்குறது. மன்னார் வளைகுடா தீவுகள் 1986லயே தேசியப் பூங்கா ஆயிடுச்சு, கடலடியில ஊருற உயிரினமான அந்தக் கடல் அட்டைய எடுக்க 2001லருந்து தடை, கேஸ் போட்டா ஜெயில் வரைக்கும் போகும். அப்போ நீங்க எழுதி வாங்குறது கிட்டத்தட்ட ஒப்புதல் வாக்குமூலம். அந்த ஃபைல் நாளைக்கு யார் கைக்குப் போகும்னு உங்களால சொல்ல முடியுமா?

பேருக்குப் பதிலா வீட்டுக்கு ஒரு வரிசை நம்பர் போடுங்க. அட்டையப் பத்தி கேட்டே ஆகணும்னா காசு சுண்டுற முறை இருக்கு. அவங்க மறைவா சுண்டட்டும், தலை விழுந்தா உண்மை எதுவானாலும் "ஆமா"ன்னு சொல்லணும், பூ விழுந்தா உள்ளதைச் சொல்லணும். 200 வீட்டுல 120 "ஆமா" வந்துச்சுன்னு வைங்க, அதுல சுமார் 100 தலை விழுந்ததால வந்தது, பூ விழுந்த மிச்ச 100 வீட்டுல 20, அதாவது அஞ்சுக்கு ஒண்ணு. எந்த வீடுன்னு உங்களுக்கே தெரியாது, அதான் அவங்களுக்குப் பாதுகாப்பு.

வனத்துறை ஜீப்புல போய் இறங்காதீங்க, அப்புறம் எல்லா வீட்லயும் "இல்ல சார்"தான்.

கடல் பாசி எடுக்குற அக்காமார் கண்ணாடி மாட்டி, விரல்ல துணி சுத்தி மணிக்கணக்கா முங்கிட்டு ஈரத்தோட கரையேறுவாங்க, அவங்கள அங்கயே நிறுத்தி வச்சு அரை மணி நேரம் கேள்வி கேக்குறது அநியாயம்ங்க. பாசிக்குப் போகாத நாள் எதுன்னு ஊர்ல விசாரிச்சுட்டுப் போங்க. அவங்க சம்பாத்தியத்த வீட்டுக்காரர்ட்ட கேட்டு எழுதாதீங்க, அவங்ககிட்டயே கேளுங்க.

ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், அப்போ போய் "போன மாசம் எவ்வளவு வருமானம்"னு கேட்டு அத 12ஆல பெருக்குனா கணக்கே தப்பாயிடும்.

ஆதார் ஜெராக்ஸ் கேக்காதீங்க, ஏதோ நிவாரணம் வரப்போகுதுன்னு நம்பிடுவாங்க. ஊர்த் தலைவர் சரின்னுட்டா எல்லா வீடும் சரின்னதா ஆகாது, ஒவ்வொரு வாசல்லயும் தனியா கேக்கணும். பாதியில "வேணாம் தம்பி"ன்னு சொன்னாங்கன்னா அதுவரைக்கும் எழுதுனதையும் அவங்க கண்ணு முன்னாடியே கிழிச்சுடுங்க.