அட்டையில் கோடு, உடம்பில் மலேரியா இல்லை

ஒடிசாவில் வேலை முடித்து வியாசர்பாடி திரும்பிய என் சித்தப்பாவுக்கு ஃபால்சிபாரம் வகை மலேரியா. சிகிச்சை முடிந்தது, காய்ச்சலும் விட்டது. இரண்டு வாரம் கழித்து, "சரியாகிவிட்டதா என்று பார்த்துவிடுவோம்" என அவராகவே போய், சிறு அட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பார்க்கும் விரைவுப் பரிசோதனை செய்துகொண்டார். அட்டையில் மறுபடியும் கோடு, அதாவது பாசிட்டிவ். வீடே அரண்டுபோனது.

அட்டை பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கக் கூடாததை அவர் கேட்டுவிட்டார். ஃபால்சிபாரத்துக்கான கோடு பெரும்பாலும் ஹெச்ஆர்பி-2 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. கிருமி செத்த பின்னும் இந்தப் புரதம் பல வாரங்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். குணமானதா என்று அறிய ரத்தத் தடவலை, அதாவது கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தை, நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும். அதில் கிருமியைக் கண்ணால் காணலாம், எண்ணலாம், நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா என்றும் சொல்லலாம். அட்டைக்கு எண்ணத் தெரியாது.

இதற்காக அட்டையை மட்டம் தட்டவும் வேண்டாம். இரவு பத்து மணிக்கு, தேர்ந்த நுட்பநர் இல்லாத இடத்தில், 20 நிமிடம்போல் பொறுத்தால் விடை தருவது அதுதான். ஆனால் உறையில் அச்சிட்ட நேரத்துக்குள் படித்துவிட வேண்டும். வெகுநேரம் கழித்து மங்கலாகத் தோன்றும் கோடு கணக்கில் சேராது. அட்டை ஒழுங்காக வேலை செய்தது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடே வராவிட்டால் அந்த அட்டை செல்லாது, நோய் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. சென்னையின் மே மாத வெயிலில் பூட்டிய வண்டிக்குள் கிடந்த அட்டையையும் நான் நம்ப மாட்டேன்.

நெகட்டிவ் என்றதும் மலேரியாவை மறந்துவிடுவது இன்னொரு தவறு. கிருமி குறைவாக இருந்தால் அட்டையும் தவறவிடும், அவசரத்தில் பார்க்கும் கண்ணும் தவறவிடும். வீட்டில் மீந்த குளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தால் கேட்கவே வேண்டாம். காய்ச்சல் நீடித்தால் மீண்டும் தடவல் எடுக்க வேண்டும். குளிர் நடுக்கம் வரட்டும், அப்போது ரத்தம் கொடுக்கலாம் என்று காத்திருக்கவும் தேவையில்லை.

சென்னையில் பெரும்பாலும் காண்பது வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா. மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசு பரப்புவது. இந்தக் கிருமி கல்லீரலில் பதுங்கி, மாதங்கள் கழித்தும் எழும்பும். அங்கே கிடப்பதை அட்டையும் காட்டாது, நுண்ணோக்கியும் காட்டாது. அதற்காகத்தான் 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு, கர்ப்பம் ஆகியவற்றை விசாரித்து மருத்துவர் எழுதித் தருவது. "நெகட்டிவ் வந்துவிட்டதே" என்று ஐந்தாம் நாளே அதை நிறுத்திய சிலர், மூன்று மாதம் கழித்து அதே ஆய்வகத்தின் வாசலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்பார்கள்.