கிணற்றுநீரின் குளோரைடை சில்வர் நைட்ரேட்டால் அளக்கும் முறை

சில்வர் நைட்ரேட் குளோரைடை எங்கே கண்டாலும் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து, நீரில் கரையாத வெள்ளை வீழ்படிவாக இறங்கும். அளவிட உதவுவதும் இந்தக் குணம்தான், அளவைக் கெடுப்பதும் பெரும்பாலும் இதுதான். குழாய்த் தண்ணீரில் கழுவிய ஈரக் குடுவையும் வியர்வை பட்ட கரண்டியும் போதும், கணக்கு பிசகிவிடும். கண்ணாடிப் பொருள்கள் எல்லாவற்றையும் கடைசியாக இருமுறை வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) அலசுங்கள்.

2.395 கிராம் சில்வர் நைட்ரேட்டை வாலைவடிநீரில் கரைத்து 1 லிட்டராக்கினால் 0.0141 நார்மல் (கரைசலின் செறிவைக் குறிக்கும் அலகு) கரைசல் கிடைக்கும். இதன் 1 மில்லி 0.5 மில்லிகிராம் குளோரைடுக்குச் சமம். கரைக்கும்போதே கலங்கினால் வடிநீரிலேயே குளோரைடு இருக்கிறது. அதை விட்டு, வேறு நீரில் தயாரியுங்கள். கண்ணாடி மூடியுள்ள பழுப்புப் புட்டியில் வையுங்கள். ரப்பர் மூடியும் தக்கையும் வேண்டாம். தூய சில்வர் நைட்ரேட் வெளிச்சத்தை ஓரளவு தாங்கும். தூசியும் கரிமப் பொருளும் சேர்ந்தால்தான் வேகமாகக் கறுக்கும்.

கரைசலைச் சரிபார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். 140 டிகிரி செல்சியஸில் உலர்த்திய சோடியம் குளோரைடு 0.824 கிராமை 1 லிட்டராக்கி, அதில் 10 மில்லி எடுத்து வடிநீரால் 50 மில்லியாக்கி, கிணற்றுநீருக்குக் கீழே சொல்லும் முறையிலேயே தரம்பாருங்கள் (எவ்வளவு சில்வர் நைட்ரேட் செலவாகிறது என்று அளவிடுங்கள்). வெறும் வடிநீரை 50 மில்லி எடுத்து அதே முறையில் பார்த்து, அதற்குச் செலவானதைக் கழித்தபின் 10 மில்லி வரவேண்டும்.

இனி கிணற்றுநீர். 50 மில்லியைக் கூம்புக் குடுவையில் எடுத்து, முடிவை நிறத்தால் காட்டும் 5 சதவீதப் பொட்டாசியம் குரோமேட் கரைசல் 1 மில்லி விடுங்கள். பியூரெட்டிலிருந்து (அளவுக்கோடுகளும் திருகும் உள்ள கண்ணாடிக் குழாய்) சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். விழுந்த இடத்தில் சிவந்து மறைவது இயல்பு. சுழற்றியும் மறையாத இளஞ்சிவப்பு கலந்த மஞ்சள்தான் முடிவுநிலை. செங்கல் நிறம் வரை காத்திருப்பவர்களுக்கு அளவு கூடித்தான் வரும்.

27.3 மில்லி செலவாகி, வெறும் வடிநீருக்கு 0.3 மில்லி ஆனதென்றால் மிச்சம் 27. அதைப் பத்தால் பெருக்கினால் லிட்டருக்கு 270 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 250. வேறு நீர் கிடைக்காதபோது 1000 வரை அனுமதி.

நீரின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7 முதல் 10க்குள் இருக்க வேண்டும். அமிலம் மிகுந்தால் குரோமேட் டைகுரோமேட்டாக மாறி, முடிவுநிலை தாமதமாகும். காரம் மிகுந்தால் சில்வர் நைட்ரேட்டிலுள்ள வெள்ளி, ஆக்சைடாக வீழ்படிந்து கரைசல் வீணாகச் செலவாகும். அழுகல் நாற்றமடிக்கும் நீரில் சல்பைடு இருக்கும், அதுவும் வெள்ளியைப் பிடிக்கும்.

கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். சில்வர் நைட்ரேட் தோலில் பட்ட உடனே தெரியாது. வெளிச்சம் பட்டு, நேரம் கழித்துக் கறுக்கும். உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கறை படிந்துவிட்டால் தேய்த்துப் புண்ணாக்க வேண்டாம், தோல் உரிந்து தானே போகும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, நேராக மருத்துவமனைக்குப் போங்கள். குரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் நச்சு. பிப்பெட்டை (திரவத்தை அளந்தெடுக்கும் குழாய்) வாயால் உறிஞ்சவே கூடாது.

கழிவைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். வீழ்படிவையும் குரோமேட் நீரையும் மூடிய புட்டியில் சேர்த்து, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள். அதில் அம்மோனியா மட்டும் சேரவே கூடாது: அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலைச் சேமித்து வைத்தால், தொட்டாலே வெடிக்கும் படிவு உருவாகக்கூடும்.