பாதியில் நின்ற மழைநீர் வடிகால்: பணி ஆணையைக் கையில் வாங்கிய பிறகு நடந்தது

எங்கள் தெருவில் வடிகால் வேலை பாதியோடு நின்றுவிட்டது. பள்ளத்தைத் தாண்டித்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும். நகராட்சியில் புகார் கொடுத்தால் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வரும், அவ்வளவுதான்.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் மனு எழுதினேன். வெள்ளைத்தாளில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இந்த மனுக்களை வாங்கிப் பதில் தரும் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலரிடம் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். இதில் முக்கியம், ‘ஏன் முடிக்கவில்லை’ என்று கேட்கக் கூடாது. விளக்கம் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. ஆவணம் தரும் கடமைதான் உண்டு. அதனால் நகர்மன்றத் தீர்மானம், மதிப்பீடு, பணி ஆணை (என்ன வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்ததாரருக்குத் தரும் உத்தரவு), அளவுப் புத்தகம் (முடிந்த வேலையை அளந்து பதிவு செய்வது) ஆகியவற்றின் நகல்களைக் கேட்டேன். பிரிவு 2(ஜே)-இன்படி பணியை நேரில் ஆய்வு செய்யவும் அனுமதி கேட்டேன்.

பதிலுக்கு 30 நாள் கெடு. தாண்டினால் அவருக்கு மேலுள்ள அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். எனக்கு அது தேவைப்படவில்லை. பணி ஆணையில் வடிகால் தெருக்கோடி வரை என்று தெளிவாக இருந்தது. அளவுப் புத்தகத்தில் பாதிதான் பதிவாகியிருந்தது. இரண்டு நகல்களையும் வார்டு கவுன்சிலர் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அடுத்த மன்றக் கூட்டத்தில் அதை வைத்தே கேள்வி எழுப்பினார். ஒப்பந்ததாரர் ஆட்களோடு திரும்பி வந்து மீதியையும் கட்டி, மேல்மூடியும் போட்டார்.

நகல்களைப் பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் கொடுத்திருக்கிறேன். அவர்கள் வடிகாலும் அதே பணி ஆணையில்தான் இருக்கிறது.