பனி பார்க்க ஃபிளாக்ஸ்டாஃப் போகிறீர்களா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் என்றாலே பாலைவனமும் கள்ளிச்செடியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஃபீனிக்ஸிலிருந்து ஐ-17 சாலையில் வடக்கே சுமார் 230 கி.மீ. ஏறினால் ஃபிளாக்ஸ்டாஃப். கிட்டத்தட்ட 7,000 அடி உயரம்; ஆண்டுக்குச் சராசரியாக 100 அங்குலத்தை ஒட்டிப் பனி கொட்டும் ஊர். கிழக்கே மலைப்பக்கம் பைன்டாப், கிரீர் ஊர்களிலும் நல்ல பனி உண்டு.

கிளம்புமுன் காரின் முன்கண்ணாடி கழுவும் தண்ணீரைக் கவனியுங்கள். ஃபீனிக்ஸில் பலரும் வெறும் தண்ணீரையே ஊற்றி வைத்திருப்போம். மலையில் அது உறைந்துவிடும். முன்னால் போகும் லாரி வாரியடிக்கும் சேற்றுப்பனி கண்ணாடியில் அப்பிக்கொண்டால், வைப்பர் அதை இழுத்துப் பூசுமே தவிர துடைக்காது. பழைய தண்ணீர் தீரும்வரை பீய்ச்சிவிட்டு, உறையாத திரவத்தை ஊற்றிக்கொள்ளுங்கள்.

பகலில் உருகிய பனி, பொழுது சாய்ந்ததும் தார்ச்சாலையில் கண்ணுக்கே தெரியாத பனிக்கட்டியாக இறுகும். மாலை மூன்று மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்கிவிடுங்கள். குழந்தைகளுக்கு மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி கட்டாயம். நனைந்த காலோடு அவர்கள் நடுங்குவதைப் பார்க்க மனசு தாங்காது.