ஆட்டோமேட்டிக் கியர் மாறவில்லையா? கியர் பெட்டியை இறக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

வடசென்னை வியாசர்பாடியில் மெக்கானிக் தொழில் கற்க வரும் பையன்களுக்கு இன்ஜின் சீக்கிரமே அத்துப்படி ஆகிவிடும். பழைய ஆட்டோமேட்டிக் கார் வந்துவிட்டால் மட்டும் கை நேராக ஜாக்கியைத் தேடிப் போகிறது. ஆயில் ஒழுகுகிறதா, பேட்டரி டெர்மினல் இறுக்கமா என்பதெல்லாம் யாரும் பார்ப்பதுதான். அதை விட்டுவிட்டு, அடிக்கடி நடக்கும் மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

மூணாம் கியரில் நின்றதும் 'பாக்ஸ் போச்சு' என்பது

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. சிக்னலில் இருந்து வண்டி எழும்பாது, மேல் கியருக்கும் போகாது. ஹூண்டாயின் பழைய நாலு கியர் ஆட்டோமேட்டிக்கில், கியரை மாற்றும் கம்ப்யூட்டருக்கு வரும் தகவல் தப்பாக இருந்தால் அது மூணாம் கியரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பெட்டிக்குச் சேதம் வராமல் வீடு போய்ச் சேரத்தான் இந்த ஏற்பாடு.

காலடிப்பேட்டையில் இருந்து ஒருவர் ஐ10 ஆட்டோமேட்டிக் கொண்டு வந்தார். வேறு ஒரு ஷெட்டில் பெட்டியை இறக்கி, புதுப்பேட்டையில் பழைய பெட்டி வாங்கி மாட்டியும் அதே கோளாறு. கியர் லீவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சுவிட்ச் பெட்டியின் மேலேயே இருக்கிறது. அதன் வயர் கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே பின்கள் பச்சைப் பூத்து, ஒன்று பாதி கரைந்திருந்தது. வாங்கி மாட்டிய பெட்டியோடு வந்த நல்ல சுவிட்சை இந்தக் கெட்டுப்போன கனெக்டரில்தான் செருகியிருக்கிறார்கள்! பின்னை மாற்றியதும் வண்டி ஒழுங்காக ஓடியது. பாவம், அந்த மனிதர் பெட்டிக்குக் கொட்டிய பணம் முழுக்க வீண்.

நம் பக்கம் இது அடிக்கடி வரும். எண்ணூர் வரைக்கும் உப்புக் காற்று. மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர். அதில் இறங்கி ஏறிய வண்டியில் முதலில் கனெக்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

லீவரை ஒவ்வொரு இடமாக நகர்த்தி, மீட்டரில் எழுத்து சரியாக மாறுகிறதா பாருங்கள். ரிவர்ஸ் லைட் எரிகிறதா? பார்க், நியூட்ரல் இரண்டில் மட்டும்தான் செல்ஃப் எடுக்கிறதா? இதற்கு ஒரு கருவியும் வேண்டாம். அப்புறம் ஸ்கேனர் போட்டு, அது காட்டும் கோளாறு எண்ணை, அதாவது கோடு எண்ணை, அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள். 0705 முதல் 0708 வரை வந்தால் அந்த சுவிட்ச் அல்லது அதன் வயர். 0731 முதல் 0734 வரை வந்தால் கியர் விகிதம் ஒத்துப்போகவில்லை, உள்ளே வழுக்கலாம். சொலினாய்டு, அதாவது பெட்டிக்குள் ஆயில் போகும் வழியைத் திறந்து மூடும் மின்சார வால்வு, அதற்கான கோடு என்றால் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஹூண்டாய் பெட்டியில் 3 ஓம் பக்கம் காட்டும். டொயோட்டாவின் பழைய ஆன்-ஆஃப் சொலினாய்டில் 11 முதல் 15 வரை. இரண்டையும் ஒரே அளவில் பார்த்து நல்ல சொலினாய்டைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

பெட்டியின் ஆயில் மட்டத்தை எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி பார்ப்பது

ஹூண்டாய், டொயோட்டாவில் சூடான இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவில் இன்ஜினை அணைத்த கையோடு.

கிடைத்த ஆயிலை ஊற்றுவது

ஹூண்டாயின் அந்த நாலு கியர் பெட்டிக்கு எஸ்பி-3 வகை ஆயில். ஹோண்டாவின் சிவிடி, அதாவது தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் பெட்டிக்கு, அதற்கென உள்ள ஆயில்தான், சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயில் கூடவே கூடாது.

தள்ளி ஸ்டார்ட் செய்வது

நடக்காது. இன்ஜின் சுற்றாமல் ஆயில் பம்ப் சுற்றாது.

பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பு ஆயிலோடு ஓட்டுவது

ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டை விழுந்து கூலன்ட் கலந்துவிட்டது. உடனே வண்டியை நிறுத்துங்கள். பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்டின் லைனிங் உரிந்துவிடும்.

எப்போதுதான் பிரிப்பது?

ஆயில் கறுத்து, கருகிய வாடை அடித்து, இன்ஜின் மட்டும் உறுமி வண்டி நகராவிட்டால் பெட்டியின் அடியில் இருக்கும் ஆயில் சட்டியைக் கழற்றுங்கள். சட்டிக்குள் இருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். சட்டியில் லைனிங் துண்டோ பளபளக்கும் உலோகச் சீவலோ கிடந்தால் பெட்டியை இறக்கலாம்.