தோட்டத்து முகவரியிலிருந்து புகைப்படத் தொழில்: இணையக் கருவிகளை அமைக்கும் முறை

கெமராவைக் கையாளத் தெரிந்தும் நகரத்தில் ஸ்டூடியோ வைக்க வாடகை கட்ட முடியாத மலையக இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் கல்யாணம், சடங்கு, கோயில் தேர் என்று படம் எடுக்கும் ஒருவருக்குத் தொடக்கத்தில் மாதச் சந்தா கட்டும் மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு கூகுள் கணக்கு, வட்ஸ்அப் பிஸ்னஸ், கணனியில் படங்களைத் திருத்தும் டார்க்டேபிள் மென்பொருள் ஆகிய மூன்றும் போதும், மூன்றுமே இலவசம். டொலரில் கட்டும் சந்தாவைக் கண்டால் எனக்கு ஆகாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டபோது சந்தாவும் அதே வேகத்தில் ஏறியது. படம் எடுக்கும் கூலியை அப்படி ஏற்றித் தர எந்தக் கல்யாண வீட்டாரும் முன்வரவில்லை.

முதலில் பெயர்

தொழிலின் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு தனிநபர் வியாபாரமாகப் பதியலாம். அந்தச் சான்றிதழ் வங்கிக் கணக்கு திறக்கவும், கீழே வரும் கூகுள் சரிபார்ப்புக்கும் உதவும். அதே பெயரில் தொழிலுக்கென்று தனியாக ஒரு கூகுள் கணக்கைத் திறந்து, நீங்கள் மாற்றப் போகாத தொலைபேசி இலக்கத்தை அதில் இணையுங்கள்.

கூகுள் வரைபடத்தில் தொழிலைச் சேர்த்தல்

கூகுள் பிஸ்னஸ் புரொபைல் என்பதுதான் நம்மை வரைபடத்திலும் தேடலிலும் காட்டுவது. பேஸ்புக் பக்கத்தைவிட இதையே முதலில் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெளியூரிலிருந்து நுவரெலியாவிலோ எல்லவிலோ படம் எடுக்க வருகிற ஜோடிக்கு உங்கள் பேஸ்புக் நண்பர் வட்டம் தெரியாது, அவர்கள் தேடிப் பார்த்துத்தான் வருவார்கள்.

பெயரைக் கேட்கும் இடத்தில் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரை மட்டும் எழுதுங்கள். ‘ஹட்டன் சிறந்த கல்யாண போட்டோ’ என்று வால் சேர்ப்பது விதிமீறலாகும், புரொபைலே முடக்கப்படலாம். வாடிக்கையாளர் வந்து போகும் கடை இல்லாவிட்டால், முகவரியை மறைத்துச் சேவை செய்யும் பகுதிகளை மட்டும் காட்டும் வசதி உண்டு. 20 பகுதிகள் வரை சேர்க்கலாம். இருப்பிடத்திலிருந்து ஏறக்குறைய 2 மணி நேர ஓட்டத்துக்குள் அவை அமைய வேண்டும் என்கிறது கூகுள். நம் வளைவுகளில் 2 மணி நேரம் என்பது எவ்வளவு குறுகிய தூரம் என்பது உங்களுக்கே தெரியும் என்பதால், கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் போட்டு வைக்க வேண்டாம்.

பலர் நின்றுபோவது இதற்கடுத்த சரிபார்ப்பில்தான். முகவரியைப் பொதுமக்களிடமிருந்து மறைத்தாலும் கூகுளுக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தப் படிவமோ வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் உள்ள ஊர்களை மனத்தில் வைத்து அமைந்தது. லயத்துக் காம்பராவுக்கு (தோட்டத்து வரிசை வீட்டு அறைக்கு) வீதிப் பெயர் ஏது? முதல் வரியில் லய இலக்கத்தையும் பிரிவையும் (மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று வழங்குவதையே), இரண்டாம் வரியில் தோட்டத்தின் பெயரையும், பிறகு தபால் நகரத்தையும் அதன் குறியீட்டையும் எழுதுங்கள். ஹட்டன் என்றால் 22000. வரைபடத்தில் உங்கள் கூரையின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எழுத்தும் எண்ணும் கலந்த பிளஸ் கோட் ஒன்று தோன்றும். அதைக் குறித்து வையுங்கள். வீதிப் பெயர் இல்லாத இடத்தில் அதுவே நம் வீட்டு இலக்கம். வட்ஸ்அப்பில் அனுப்பினால் மற்றவர்களும் அதைக் கொண்டு வழி கண்டுபிடிக்கலாம்.

சரிபார்க்கும் முறையைக் கூகுளே தீர்மானிக்கும். தபால் அட்டை என்று வந்தால் தோட்டக் காரியாலயத்தில் முன்கூட்டியே சொல்லி வைப்பது அவசியம். பல தோட்டங்களில் கடிதங்கள் இன்னும் அங்கே வந்துதான் பிரிகின்றன, அட்டையில் உள்ள இலக்கமோ 30 நாளில் காலாவதியாகிவிடும். அட்டைக்குக் காத்திருக்கும் காலத்தில் பெயரையோ முகவரியையோ திருத்தக் கூடாது.

காணொளி கேட்டால் அதைச் சற்றுத் திட்டமிட்டுச் செய்யுங்கள். முன்பே எடுத்து வைத்த காணொளி செல்லாது. தொலைபேசியில் கூகுளின் சரிபார்ப்புப் பக்கத்துக்குள்ளிருந்தே, வெட்டாமல், ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். பாதையோரத் தோட்டப் பெயர்ப்பலகையில் தொடங்கி, கொழுந்து மடுவத்தையும் கோயிலையும் காட்டியபடி லயத்துக்கு வந்து, கதவைச் சாவியால் திறந்து, மேசைமேல் வரிசையாக வைத்த கெமரா, லென்ஸ், பிளாஷ், முக்காலி ஆகியவற்றைக் காட்டி, கடைசியில் பதிவுச் சான்றிதழின் பெயர் வாசிக்கத் தெரியும்படி சில வினாடிகள் நிறுத்துங்கள். இடம், தொழில், அதை நடத்துபவர் நீங்கள்தான் என்பதற்கான ஆதாரம் என்ற மூன்றையும்தான் பார்க்கிறார்கள். மற்றவர்களின் முகமோ வங்கி இலக்கமோ படத்தில் விழக் கூடாது. காணொளி ஏறி முடியும்வரை பக்கத்தை மூடக் கூடாது என்பதால், சிக்னல் எங்கே நிற்கிறது என்பதை முதலில் நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். மூடுபனி இறங்கும் பின்னேரத்தைவிடக் காலை நேரம் நல்லது. பெயர்ப்பலகை தெளிவாக விழும்.

அறிமுகக் குறிப்புக்கு 750 எழுத்துகள் இடமுண்டு. பல தோட்டங்களுக்குக் கம்பனி வைத்த பெயர் ஒன்று, நம் சனங்கள் வழங்கும் பெயர் வேறொன்று. இரண்டையும் அந்தக் குறிப்பில் எழுதினால் படிப்பவருக்கு இடம் உடனே விளங்கும்.

வட்ஸ்அப் பிஸ்னஸ்

ஒரே இலக்கத்தைச் சாதாரண வட்ஸ்அப்பிலும் பிஸ்னஸிலும் ஒருசேர வைத்திருக்க முடியாது. ஆகவே தொழிலுக்கு வேறு சிம் எடுங்கள். இதில் எனக்கு மிகவும் பயன்படுவது விரைவுப் பதில் என்ற வசதியாகும். “அண்ணா, கல்யாணத்துக்கு எவ்வளவு எடுப்பீங்க?” என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலும் வரும், திகதி, இடம், எத்தனை நிகழ்ச்சி, அல்பம் வேண்டுமா என்ற நான்கையும் திரும்பக் கேட்கும் ஒரு பதிலை எழுதிச் சேமித்துவிட்டால், சாய்கோட்டை அழுத்தியதும் அது வந்து நிற்கும். கற்றலொக் என்ற பொருட்பட்டியல் பகுதியில் அல்ப வகைகளைத் தனித்தனிப் பொருளாகப் போட்டு, விலையை ‘இவ்வளவிலிருந்து’ என்று குறிப்பில் எழுதுங்கள். உரையாடல்களில் ஒட்டும் லேபல்களை ‘முற்பணம் வந்தது’, ‘தெரிவு செய்ய வேண்டும்’, ‘அல்பம் அச்சில்’ என்று நம் வேலையின் ஒழுங்கில் மாற்றிக்கொண்டால், ஆவணி மாத நெரிசலில் யாருடைய வேலை எங்கே நிற்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும்.

படிவமும் நாட்காட்டியும்

கூகுள் போர்ம்ஸில் ஒரு முற்பதிவுப் படிவத்தைத் தமிழில் அமையுங்கள். அதில் இருக்கவே வேண்டிய கேள்வி ஒன்று: “படங்களை எங்கள் பொதுப் பக்கத்தில் வெளியிடலாமா?” சடங்கு வீட்டுப் படங்களுக்குத் தாய் தகப்பன் எழுத்தில் ‘ஆம்’ என்று சொன்னாலும் நான் வெளியிடுவதில்லை, பருவமெய்திய பிள்ளையின் முகத்தைக் கொண்டு விளம்பரம் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நாட்டில் இருக்கிறது.

நாட்காட்டியில் இலங்கை விடுமுறைகளைச் சேர்த்துவிடுங்கள். போயா (பௌர்ணமி) நாட்கள் தாமாகவே வந்துவிடும். போயாவில் மதுவும் இறைச்சியும் விற்பனைக்கு இல்லாததால் ஹோட்டல் வரவேற்புகள் அன்று நடப்பது அரிது. அந்த நாளை அல்ப வேலைக்கு ஒதுக்கலாம்.

படங்களை ஒப்படைத்தல்

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு அழகு கெட்டுவிடும். ஆவணமாக அனுப்பினால் கெடாது. ஆனால் கல்யாணம் ஒன்றின் முழுத் தொகுப்பையும் அப்படி அனுப்ப இயலாது. கூகுள் ட்ரைவ் இணைப்பு கொடுக்கலாம் என்றால், முழுக் கோப்புறையையும் இறக்கும்போது அது ஸிப் கோப்பாக மாறி, பெரிதாக இருந்தால் 2 ஜிபி அளவில் பல துண்டுகளாகப் பிரியும். அதைத் தொலைபேசியில் விரித்துப் பார்க்க மணமகனின் அம்மாவுக்குத் தெரியுமா?

ஆகவே இரண்டு தொகுப்பாகக் கொடுங்கள். டார்க்டேபிளில் ஏற்றுமதி செய்யும்போது நீளப் பக்கம் 2048 பிக்ஸல், ஜேபெக், தரம் 85, நிறவெளி எஸ்ஆர்ஜிபி என்று வைத்து முதல் தொகுப்பை எடுத்து ட்ரைவில் போடுங்கள். தொலைபேசியில் பார்க்க மட்டுமன்றி 4×6 அங்குல அச்சுக்கும் அது போதும். அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) என்ற கணக்கில் அந்த அச்சுக்கு வேண்டியது 1800×1200 பிக்ஸல்தான். முழு அளவுத் தொகுப்பை பென்ட்ரைவில் போட்டு அல்பத்தோடு கையில் கொடுங்கள். 12×18 பக்கத்துக்கு 5400×3600 வேண்டும் என்பதால், அல்பம் அடிப்பவருக்கு அந்தத் தொகுப்பிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

ட்ரைவின் இலவச இடம் 15 ஜிபி; மின்னஞ்சலும் கூகுள் போட்டோஸும் அதையே பகிர்ந்துகொள்கின்றன. ஒப்படைத்து 60 நாளில் நீக்கப்படும் என்று இணைப்போடு எழுதி அனுப்பி, சொன்னபடி நீக்குங்கள். உங்கள் மூலப் பிரதி இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்கட்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம்.

பணம்

முற்பணத்துக்கு வங்கிப் பரிமாற்றமே எளிது. தொலைபேசியால் ஸ்கேன் செய்து பணம் கட்டும் லங்கா கியூஆர் குறியீடு ஒன்றையும் உங்கள் வங்கியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லிப்பின் படத்தைப் பார்த்துத் திகதியை உறுதிசெய்யாமல், உங்கள் கணக்கில் பணம் விழுந்ததைப் பார்த்த பிறகே உறுதிசெய்யுங்கள். தோட்டத்துக் குடும்பங்களிடம் மீதிப் பணத்துக்குச் சம்பள நாளுக்கு அடுத்த நாளைத் தவணையாகக் குறித்தால் இரு தரப்புக்கும் சங்கடமில்லை.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

படிவம் திறந்ததும் கூகுள் கணக்கில் நுழையச் சொல்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். கோப்பு ஏற்றும் கேள்வி ஒன்றேனும் இருந்தால் அப்படித்தான் கேட்கும். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, அழைப்பிதழின் படத்தை வட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அல்ப அட்டையில் தமிழ்ப் பெயரின் கொம்பும் காலும் இடம் மாறி விழுகின்றன என்று கேட்டவர்களுக்கு: போட்டோஷொப்பின் விருப்ப அமைப்புகளில் (Preferences) ‘Type’ பகுதியில் உள்ள எழுத்து இயந்திரத்தை (Text Engine) தெற்காசிய மொழிகளுக்குரியதாக, புதிய பதிப்புகளில் வேர்ல்ட்-ரெடி என்று இருப்பதாக மாற்றி, மென்பொருளை மீண்டும் திறந்தால் சரியாகும். பாமினி என்ற பழைய, யுனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டிய பெயரை யுனிகோட் எழுத்துருவில் ஒட்டினால் குப்பையாகத்தான் வரும், அதை யுனிகோடாக மாற்றியே ஒட்ட வேண்டும். கூகுள் பொன்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் ஹிந்த் மதுரையும் கட்டமரனும் அட்டைக்கு எடுப்பாக இருக்கின்றன.