வேலையிடத்தில பேரெடுக்கிற ஆக்கள் செய்யிற ஒரு விசயம்

கிளிநொச்சி, வவுனியா பக்கம் ஆடைத் தொழிற்சாலையோ அரிசி மில்லோ கச்சேரியோ, எங்க வேலை செய்தாலும் கவனிச்சுப் பாருங்கோ, நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போற ஆக்கள் நிறையப் பேர், ஆனா அவசரமெண்டா மனேச்சர் தேடுறது ரெண்டு மூண்டு பேரைத்தான். அவை கூடப் படிச்சவை எண்டோ ஓவர்டைம் செய்யிறவை எண்டோ இல்ல. வேலை பிந்தப் போகுதெண்டா கேக்க முதலே சொல்லிப்போடுவினம்.

சிறுபோக அறுவடை நேரம் மில்லுக்கு நெல்லு லொறி லொறியா வந்து நிக்கும், காயவிடத் தளத்தில இடமிராது, சும்மா ஆள் எண்டா பின்னேரம் வரைக்கும் பேசாமல் இருந்திட்டு "இடமில்ல சேர்" எண்டு சொல்லும், மற்ற ஆள் காலமையே போன் எடுத்து "இண்டைக்கு இவ்வளவுதான் காயும், மிச்ச லொறிய நாளைக்கு வரச் சொல்லட்டோ" எண்டு கேக்கும். பிரச்சினையோட ஒரு வழியையும் கொண்டு போறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் பழக்கமாக்க ஒரு வழி இருக்கு. பீற்றர் கோல்விற்சர் எண்ட ஜெர்மன் உளவியலாளர் 1999 இல எழுதின விசயம், பொதுவா கவனமா இருப்பன் எண்டு நினைக்கிறதவிட, இது நடந்தா உடன இதைச் செய்வன் எண்டு முதலே முடிவெடுத்து வச்சா செய்து முடிக்கிற வாய்ப்புக் கூட. அதால கொப்பியில எழுதி வையுங்கோ: மத்தியானத்துக்குள்ள பாதி வேலை முடியேல்லையெண்டா, சாப்பிடப் போக முதல் சுப்பவைசருக்குச் சொல்லுவன். வட்ஸ்அப்பில போட்டாலும் காணும், ஆனா வொய்ஸ் மெசேச் வேண்டாம், மெசின் சத்தத்துக்க ஒருத்தரும் கேக்காயினம்.